நூற்று எட்டு டிகிரியில் ஒரு பூந்தமல்லிப் பயணம்

மே மாதத்துச் சனிக்கிழமை, காலை 11.20. மண்ணூர்பேட்டையில் எங்கள் பட்டறை வாசலை விட்டுக் கிளம்பும்போது கூலண்ட் 46 டிகிரி. வண்டி அதுவரை ஓடவேயில்லை. வெயிலில் நின்றதற்கே அவ்வளவு.

பயணக் கட்டுரை என்றால் மலை, அருவி என்று எதிர்பார்ப்பீர்கள். நான் போனது மண்ணூர்பேட்டையிலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியாகப் பூந்தமல்லிக்கு, சுமார் இருபத்திரண்டு கிலோமீட்டர். அந்தச் சாலையில் தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் போகிறார்கள். ஆனால் எஞ்சினுக்குள் ஓடும் நீரின் சூட்டை ஒவ்வொரு டிகிரியாகப் பார்த்துக்கொண்டே யாரும் போயிருக்கமாட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

வண்டி ஜெயந்தி அக்காவுடையது. பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் கார், வாங்கி ஆறு வருடம். அக்கா கோவில்பட்டிக்காரர். ஐ.டி. வேலை, அயப்பாக்கத்தில் அடுக்குமாடியில் ஐந்தாவது மாடி. போன மாதம் இரண்டு முறை நெடுஞ்சாலையில் எஞ்சின் சூடு காட்டும் சிவப்பு விளக்கு எரிந்து, வண்டியை ஓரம் கட்டி நின்றிருக்கிறார். எங்கள் போர்மேன் டில்லி அண்ணன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். எஞ்சினின் தலைப்பகுதியில் கசிவை அடைக்கும் தகடான கேஸ்கெட் போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்கவேண்டும். அக்கா அதற்குத் தயாராயில்லை. பூந்தமல்லியில் பழைய கார் வாங்கி விற்கும் தரகர் ஒருவரிடம் பேசி, சனிக்கிழமை மூன்று மணிக்கு வண்டியை விடுகிறேன் என்று சொல்லிவிட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு நாள் முன்னால் அந்த எஞ்சினை நான் பார்த்திருந்தேன். கூலண்ட் குறையவில்லை. தொட்டியில் குமிழி வரவில்லை. ஆயில் மூடியில் வெள்ளைப் பசை இல்லை. கேஸ்கெட் போயிருந்தால் இந்த மூன்றில் ஒன்றாவது இருக்கும். வேலைச் சீட்டில் "குறை கண்டவர்" என்ற இடத்தில் என் பெயரை எழுதி, "கேஸ்கெட் அல்ல" என்று கையெழுத்தும் போட்டேன். என் அப்பா அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லோடு ஏற்றுகிறவர். அதற்கு முன்னால் திருநின்றவூர்ப் பக்கம் கழனி வேலை. எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான்தான். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் டிப்ளமோ. அப்படிப்பட்ட கையெழுத்து அது.

"இன்னாடா மல, கேஸ்கெட் இல்லன்னா வேற இன்னா? அத்த எழுதலியே?" என்றார் டில்லி அண்ணன். என் முழுப்பெயர் ஏழுமலை.

"தெரியலண்ணே. ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

"ரெண்டு தபா லைட்டு வந்துச்சு. இதுக்கு மேல இன்னாத்த ஓட்டிப் பாக்கப்போற? போ, போய் ஊர் சுத்திகினு வா."

அக்காவிடம் கெஞ்சினேன். "எப்படியும் பூந்தமல்லி போறீங்க. நானும் வர்றேன். வானகரம் வழியா வேணாம், ஆவடி வழியா போவோம். அதுல சிக்னல் இருக்கு, நெரிசல் இருக்கு, கொஞ்சம் ஓடுற ரோடும் இருக்கு. அதுக்குள்ள என்னன்னு கண்டுபிடிக்கலன்னா சாவியக் குடுத்துடுங்க."

"சரி" என்றார். பின் இருக்கையில் அவர் அம்மா இருந்தார். முட்டி ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம். காலை நீட்டி உட்கார்ந்து ஊருக்குப் போக இந்தக் கார் ஒன்றுதான் வழி. ரயிலில் கீழ்ப்படுக்கை அடுத்த மாதம் வரை இல்லை. வண்டி தேறினால் மறுநாள் விடியலில் கோவில்பட்டிக்குக் கிளம்பலாம். தேறாவிட்டால் அந்த ஐந்தாவது மாடியில் இன்னும் ஒரு மாதம்.

"சன்னல் வழியா அடுத்த வீட்டுச் சன்னலையே பாத்துக்கிட்டுக் கெடக்கேன் தம்பி" என்றார் அம்மா. "கார விக்கதுக்கு முன்னாடி அதுலயாவது ஒரு சுத்து சுத்திட்டு வாரேன்."

11.50, அம்பத்தூர் ஓ.டி. 84 டிகிரி. இந்தக் காரில் சூடு காட்டும் முள் கிடையாது. எல்லை தாண்டினால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். அதற்காக ஸ்டியரிங்குக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைச் செருகியிருந்தேன். போனில் எண் வரும். 900 ரூபாய், என் சொந்தச் சம்பளத்தில் வாங்கியது.

கூலண்ட் என்பது எஞ்சினைச் சுற்றி ஓடி அதன் சூட்டை வாங்கிக்கொண்டு, முன்பக்கம் இருக்கும் ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பும் நீர். எண்பதிலிருந்து தொண்ணூற்றைந்து வரை இருந்தால் எஞ்சினுக்கு நல்லது. நூறைத் தாண்டினால் கவலைப்படவேண்டும்.

ஓ.டி. சிக்னலில் பஸ், தண்ணீர் லாரி, ஷேர் ஆட்டோ எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக நின்றன. எங்கள் எஞ்சின் தானாக அணைந்தது. ஏசி மட்டும் பேட்டரியில் ஓடியது. எண் 84, 83, 82 என்று இறங்கியது. நெரிசலில் மற்ற வண்டிகள் கொதிக்கும். இது குளிர்கிறது. அப்படியென்றால் தொந்தரவு நிற்கும்போது இல்லை, ஓடும்போதுதான். இதை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அம்மாவுக்கு ஏசி ஆகாது. கண்ணாடியை இறக்கி வைத்திருந்தார். திருமுல்லைவாயில் தாண்டியதும் பின்னாலிருந்து கேட்டார்:

"ஏ தம்பி, நீ சுருட்டுக் குடிப்பியோ?"

"இல்லம்மா!"

"பின்ன யாரு? கும்முன்னு சுருட்டு நாத்தம் வருது."

"பக்கத்துல லாரிக்காரங்க யாராவது இருக்கும்மா" என்றார் அக்கா.

"லாரி முன்னாடி போயிட்டுல்லா. நாத்தம் நம்ம கூடயே வருதே." என் சட்டையை மோந்து பார்க்காத குறை. எனக்கு வெட்கமாகப் போயிற்று. எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

12.25, ஆவடி மார்க்கெட். 93 டிகிரி. விசிறி ஓடத் தொடங்கியது. இங்கிருந்து வடக்கே கோவில்பதாகையில் என் வீடு. அன்று இடது பக்கம், பூந்தமல்லி சாலையில் திரும்பினோம். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் அந்த வெயிலிலும் இரண்டு பேர் நடைப்பயிற்சி போய்க்கொண்டிருந்தார்கள். ஏரியைத் தாண்டியதும் சாலை கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. அக்கா அறுபதில் போனார். எஞ்சின் நிற்காமல் ஓடியது.

96. 99. கோவர்த்தனகிரியில் 102. முன்னால் விசிறி ஹெலிகாப்டர் மாதிரி அலறியது.

"நிறுத்தவா?" என்றார் அக்கா.

"ஏசிய மட்டும் நிறுத்துங்கக்கா. மெதுவா போங்க."

104. 106. 108. இன்னும் கொஞ்சம் போனால் சிவப்பு விளக்கு. என் கையெழுத்தைத்தான் நினைத்துக்கொண்டேன்.

"அக்கா, ஹீட்டரைப் போடுங்க. முழுசா."

"என்னது?"

"ஹீட்டர்க்கா. காருக்குள்ள சூடு வைக்கிறது. அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். எஞ்சினோட சூட்டை அது வாங்கி நம்ம மேல ஊதிடும்."

போட்டார். கத்திரி வெயில், வெளியே நாற்பது டிகிரி. முகத்தில் இட்லிக் குண்டானைத் திறந்த மாதிரி அடித்தது. நான்கு கண்ணாடியையும் இறக்கினோம்.

"அடப்பாவி, அக்கினி நச்சத்திரத்துல அடுப்பு மூட்டுதானே!" என்று அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டார். "கேஸ்கெட்டு வெந்துச்சோ இல்லையோ, நான் வெந்துருவேன்."

107. 105. 103.

வேர்வை கண்ணில் இறங்கியதையும் மீறி எனக்குச் சிரிப்பு வந்தது. ஹீட்டரில் இவ்வளவு சூடு வருகிறது என்றால் கூலண்ட் நன்றாக ஓடுகிறது. பம்ப் சரி. குழாய் சரி. சூடு ஹீட்டர் வழியாக வெளியேறுகிறது, ரேடியேட்டர் வழியாகத்தான் வெளியேறவில்லை. உள்ளே கோளாறு இல்லை. வெளியே ஏதோ காற்றை மறிக்கிறது.

12.55, காடுவெட்டிப் பாலத்துக்குச் சற்று முன்னால், ஒரு புங்க மரத்தடியில் ஓரம் கட்டினோம். அங்கே ஒருவர் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தார். ஆறு சுளை ஐம்பது ரூபாய். அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கி அவர் பக்கத்து ஸ்டூலில் உட்காரவைத்தோம். நான் பானெட்டைத் தூக்கினேன். உடனே ஒரு ஆட்டோ வந்து நின்றது.

"இன்னா அண்ணாத்தே, சூடாயிட்ச்சா? தோ, என்னாண்ட ஒரு கேன் தண்ணி கீது. மூடியத் தொற, ஊத்திக்கலாம்."

"வாணாம்ணா. இப்ப மூடியத் தொறந்தா உள்ள இருக்கறது மூஞ்சில அடிச்சிடும். ஆறட்டும்."

"அப்போ இன்னாத்துக்கு பானெட்டத் தூக்கிவெச்சிகினு சாமி கும்புடற மாரி நிக்கிற?"

"பாக்கறதுக்குண்ணா."

"பாரு பாரு. பாத்துகினே இரு" என்று சிரித்துக்கொண்டே போனார். ஆனால் கேனை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். கை கழுவ ஆகும் என்றார்.

நாற்பது நிமிடம் காத்திருந்தோம். முன் கிரில் வழியாகப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. ஆனால் கிரில் வழியாகத் தெரிவது ரேடியேட்டர் இல்லை. முதலில் நிற்பது ஏசியின் கம்பிச் சல்லடை. அதன் பின்னால்தான் ரேடியேட்டர். அதற்கும் பின்னால் விசிறி. சல்லடைக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இரண்டு விரல் சந்து. முன்னாலிருந்து பார்த்தாலும் பின்னாலிருந்து பார்த்தாலும் அந்தச் சந்து தெரியாது. மேல்மூடியின் பிளாஸ்டிக் பொத்தான்களைக் கழற்றி, போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தேன்.

ரேடியேட்டர் தெரியவில்லை. மேலிருந்து கீழ்வரை கூரை வேய்ந்த மாதிரி பழுப்பாக ஒன்று ஒட்டியிருந்தது. வாசனை குப்பென்று வந்தது. அம்மா சொன்ன அதே சுருட்டு வாசனை.

புகையிலை.

அந்த நொடியில் எனக்குப் போன மார்கழி ஞாபகம் வந்தது. இதே காரை அக்கா முதன்முதலில் பட்டறைக்குக் கொண்டுவந்தது எலி ஒயரைக் கடித்ததற்காக. கீழ்த்தளப் பார்க்கிங்கில் எலித் தொல்லை. ஒயரை மாற்றியது நான். சாவியைக் கொடுக்கும்போது, எல்லாரும் எல்லாரிடமும் சொல்கிற அதே யோசனையை நானும் சொன்னேன்: "பானெட்டுக்குள்ள புகையிலை வைங்கக்கா, எலி வராது. கீழ விழாத இடமா பாத்து வைங்க."

கீழே விழாத இடம். அந்த இரண்டு விரல் சந்தைவிட நல்ல இடம் எது?

அக்காவும் அம்மாவும் நுங்குக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. "தூசி அடைச்சிருந்துச்சு, எடுத்துட்டேன்" என்று சொல்லிவிடலாம். ரோட்டோரம் வீசினால் ஒரு லாரி போகும் காற்றில் எல்லாம் பறந்துவிடும். டில்லி அண்ணனுக்கு முன்னால் நான்தான் ஜெயித்தவன். இதை நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டுதான் நின்றேன்.

பிறகு அக்காவைக் கூப்பிட்டேன்.

அவர் குனிந்து பார்த்தார். "இது அம்மா வச்ச புகையிலைல்ல?"

ஸ்டூலில் இருந்தபடியே அம்மா குரல் கொடுத்தார்: "வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை நாந்தான் வச்சேன். ஆபரேசனுக்குப் பொறவும் லிப்டுல எறங்கி வந்து வச்சேன். இவ பானெட்டத் தொறப்பா, நான் அந்த மூடி இடுக்குல செருகி வப்பேன். போன வாரம் வச்சது இந்த வாரம் பாத்தா இருக்காது. எலி தின்னுட்டுப் போயிட்டுன்னு இன்னொன்னு வப்பேன்."

"எலி தின்னலம்மா" என்றேன். "விசிறி உள்ள இழுத்திருக்கு. அஞ்சு மாசத்துப் புகையிலையும் அப்படியே இருக்கு. ஒண்ணுகூட வீணாகல."

நுங்குக்காரர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அம்மாவும் சிரித்தார். அப்புறம் முகம் மாறி, "அப்ப வண்டியக் கெடுத்தது நாந்தானா?" என்றார்.

"இல்லம்மா. புகையிலை வைக்கச் சொன்னது நான். எங்க வைக்கணும், எங்க வைக்கக்கூடாதுன்னு சொல்லாம விட்டதும் நான்தான்."

அக்கா அந்தச் சந்துக்குள் இன்னொரு முறை குனிந்து பார்த்தார். அந்த இரண்டு முறை சிவப்பு விளக்கு எரிந்தபோது அவர் நெடுஞ்சாலையோரம் தனியாக நின்றவர். அதற்கெல்லாம் காரணம் எதிரில் நிற்கிறது.

"ஈர்க்கு இருக்காண்ணே?" என்று நுங்குக்காரரிடம் கேட்டேன். அவர் பனை ஓலையைக் கிழித்து நீள நீளமாக நான்கு ஈர்க்கு எடுத்துக் கொடுத்தார். கம்பியால் குத்தினால் ரேடியேட்டரின் மெல்லிய தகடு மடங்கிவிடும். ஈர்க்கு வளைந்து கொடுக்கும். ஒவ்வொரு இலையாக மேலே இழுத்தேன். ஒரு பை நிறைய வந்தது. எல்லாம் எடுத்து முடித்தபோது ரேடியேட்டருக்கு அந்தப் பக்கம் விசிறியின் இறக்கை லேசாகத் தெரிந்தது. ஐந்து மாதத்துக்குப் பிறகு அதன் வழியாகக் காற்று போகப்போகிறது. ஆட்டோக்காரர் விட்டுப்போன தண்ணீரில் கை கழுவினேன்.

அப்போதுதான் அக்கா கேட்டார். "நீங்க சொல்லாம இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சிருக்காதுக்கா."

"பின்ன ஏன் சொன்னீங்க?"

"சொல்லலன்னா அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா திரும்ப வச்சிடுவாங்கல்ல?"

அவர் என்னைப் பார்த்தார். சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்து போனது. "ஏறுங்க" என்றார்.

2.35, பூந்தமல்லி. 88 டிகிரி. தரகரின் இடம் நசரத்பேட்டை போகும் வழியில் இருந்தது. வெளியே வரிசையாகக் கார்கள், ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் சுண்ணாம்பால் எழுதிய எண். தரகர் எங்களைப் பார்த்துக் கையசைத்தார். அக்கா வேகத்தைக் குறைத்தார்.

"நெரிசல்ல இது முன்னாடியே குளிர்ச்சியாத்தான் இருந்துச்சு" என்றார் என்னிடம். "ஓடினாத்தானே தெரியும்? வெளிவட்டச் சாலைல போய்ப் பாப்போமா?"

நான் கேட்க நினைத்ததை அவரே கேட்டுவிட்டார்.

நசரத்பேட்டையிலிருந்து நெமிலிச்சேரி வரை ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டர். எங்கள் பக்கத்தில் இவ்வளவு அகலமாக, இவ்வளவு காலியாக இருக்கும் சாலை இது ஒன்றுதான். இரண்டு பக்கமும் மனை விற்பனைக் கொடிகள், நடுவில் மிச்சமிருக்கும் வயல், தூரத்தில் செம்பரம்பாக்கம் பக்கத்து மின்கோபுரங்கள். அக்கா ஏசியைப் போட்டார். எண்பது கிலோமீட்டர் வேகம், எஞ்சின் விடாமல் ஓடியது. அம்மா முன் இருக்கைகளுக்கு நடுவே தலையை நீட்டி என் போனைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

90. 91. 92.

92.

"நிக்குதே" என்றார் அம்மா. "போனு கெட்டுப்போச்சா?"

"இல்லம்மா. இவ்வளவுதான் ஏறும்."

91.

மூன்று மணிக்கு தரகரின் அழைப்பு வந்தது. அக்கா எடுக்கவில்லை. நெமிலிச்சேரி இறக்கம் தெரிந்தது. இறங்கித் திரும்பி வந்த வழியே போனால் பூந்தமல்லி. வலது பக்கம் போனால் பட்டாபிராம், ஆவடி, வீடு. வேகத்தைக் குறைத்துக்கொண்டே கேட்டார்:

"ஏழுமலை, நாளைக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல. உங்க அம்மாவா இருந்தா இதுல அனுப்புவீங்களா?"

உடனே 'ஆமாம்' என்று சொல்ல வாய் வந்தது. போன தடவை அப்படித்தான் டக்கென்று சொன்னேன். கொஞ்சம் யோசித்தேன்.

"இப்படியே அனுப்பமாட்டேன்க்கா. பட்டறைக்குப் போய் பின்பக்கமிருந்து காத்தடிச்சு மிச்சத் தூளை எடுக்கணும். இவ்வளவு சூடு கண்ட கூலண்டை மாத்தணும். தொட்டி மூடியும் புதுசு போடணும். அதுக்கப்புறம் அனுப்புவேன். இந்தக் கருவியையும் கூடக் குடுத்து அனுப்புவேன். நூறு தாண்டினா எனக்கு போன் பண்ணச் சொல்வேன்."

வலது பக்க இண்டிகேட்டர் டிக் டிக் என்றது.

4.15, மண்ணூர்பேட்டை. நான் நீட்டிய பையை டில்லி அண்ணன் வாங்கி மோந்து பார்த்தார். "இன்னாடா இது, எஞ்சினு பொயல போட ஆரமிச்சிட்ச்சா?" என்றார். வேலைச் சீட்டில் காரணம் என்ற இடத்தில் "ரேடியேட்டர் முன் புகையிலை அடைப்பு. வைக்கச் சொன்னவர்: ஏழுமலை" என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு, "உன் பேர நீயே போட்டுக் குட்த்துகிறியேடா லூசு" என்றார். ஆனால் கம்ப்ரஸர் குழாயைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை கூடவே நின்றார். போகும்போது, "நம்ம கஸ்டமருங்க எத்தினி பேரு பொயல வெச்சிகினு கீறாங்கன்னு திங்கக்கெழம கேக்கணும்" என்றார். இதுவரை நான்கு பேரின் காரிலிருந்து எடுத்திருக்கிறோம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் கோவில்பதாகையில் வீட்டிலேயே இருந்தேன். விழுப்புரத்துக்குத் தெற்கே நான் போனதில்லை. ஆனால் அன்று முழுக்க என் போனில் பயணம் வந்துகொண்டிருந்தது. திண்டிவனம் 91. திருச்சி 92. மதுரையில் 93, "கொஞ்சம் வேகமாப் போனேன்" என்று ஒரு குறிப்போடு. ஒவ்வொரு ஊர்ப் பெயரையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு டிகிரி கணக்குத் தெரியாது. "நூறு தாண்டலியே?" என்று மட்டும் ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டார். மூன்றே முக்காலுக்கு கோவில்பட்டி, 90.

மாலையில் அம்மாவின் குரல்பதிவு ஒன்று வந்தது. பின்னால் கோழி கொக்கரிக்கும் சத்தம். "தம்பி, நல்லபடியா வந்து சேந்தாச்சு. வாசல்ல உக்காந்துட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும், இங்கயும் எலி கெடக்கு. கார்ல என்னத்த வைக்க?"

பதில் எழுத எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று.

"ஒண்ணும் வைக்காதீங்கம்மா. ராத்திரி நிறுத்தினதும் பானெட்டைத் திறந்து விட்டு வாசல் விளக்கையும் போட்டுடுங்க, வெளிச்சம் பட்டா எலி கூடு கட்டாது." அனுப்பப் போன விரலை நிறுத்தி, இன்னும் ஒரு வரி சேர்த்தேன்: "காலையில் மூடிட்டு, சரியா மூடியிருக்கான்னு ஒரு தடவை கையால் அமுக்கிப் பார்த்துட்டுக் கிளம்புங்க."